சுவிஸில் பிள்ளைக்கு லேர இடம் எடுப்பது எப்படி?

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மேல்பள்ளியான கிம்னாசியத்தின் நுழைவுச் சோதனையில் என் மூத்தவன் தவறிய அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள், நான் உணவகக் குசினியில் இரவு 11 மணி வரை சட்டி கழுவிக்கொண்டே இவனுக்கு இனி என்ன வழி என்று யோசித்தேன். அவன் மட்டும் பாணும் சீஸும் சாப்பிட்டுவிட்டு வழமைபோலப் படுத்துவிட்டான். அவனுக்குத் தெரிந்த ஒன்று எங்களுக்குத் தெரியவில்லை. அவனுடைய வகுப்பில் பெரும்பாலானவர்கள் கிம்னாசியத்துக்குப் போக நினைக்கவே இல்லை, லேரவுக்கு, அதாவது ஒரு நிறுவனத்தில் தொழில் பழகும் படிப்புக்கு, இடம் தேடிக்கொண்டிருந்தார்கள், அதுவும் எட்டு மாதம் முன்பிருந்தே.

அப்போது யாராவது எங்களை உட்காரவைத்துத் தமிழில் இதை விளக்கியிருந்தால் ஒரு வருட ஓட்டம் மிச்சமாகியிருக்கும். மூத்தவனோடு ஒரு தடவை, சின்னவளோடு ஒரு தடவை என்று இந்தப் பாதையில் இரண்டு முறை நடந்துவிட்டேன், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். ஊரிலிருந்தோ இத்தாலி, பிரான்ஸ் பக்கமிருந்தோ பதின்ம வயதுப் பிள்ளையோடு புதிதாக வந்திறங்கியவர்களுக்கு இது. பிள்ளை இங்கேயே பிறந்தது, பள்ளிக்கூட விஷயத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டவர்களுக்கும் சேர்த்துத்தான். ஜெர்மன் பேசும் பகுதியை வைத்துச் சொல்கிறேன். ஜெனீவா, லொசான் பக்கம் இதையே அப்ரோந்திசாஜ் என்பார்கள், சட்டம் ஒன்றுதான், பெயர்களும் தேதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

லேர என்றால் என்ன

ஒன்பதாம் வகுப்போடு இங்கே கட்டாயக் கல்வி முடிகிறது, பிள்ளைக்கு 15 அல்லது 16 வயது. அதன்பிறகு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதி, கிழமையில் 3 அல்லது 4 நாள் அங்கே தொழில் பழகுவது, மிச்சம் 1 அல்லது 2 நாள் தொழிற்பள்ளிக்குப் போய்ப் படிப்பது, இதுதான் லேர. முதல் மாதத்திலிருந்தே சம்பளம் உண்டு. தொழிற்பள்ளியில் அந்தத் தொழிலுக்கான பாடம், மொழியும் சமூகமும் கலந்த பொதுப்பாடம், விளையாட்டு எல்லாம் இருக்கும். இவை போக 'ஊகா' என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: பல நிறுவனங்களின் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பயிற்சிக்கூடத்தில் சில நாட்கள் அடிப்படைச் செய்முறை பழக்குவது.

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால், ஊரில் ஓ.எல். சரிவராதவனைக் கராச்சுக்கு அனுப்புவதுதான் உடனே மனதுக்குள் வரும். "அண்ணை, பொடியன் கெட்டிக்காரன்தானே, ஏன் வேலைக்கு விடுறியள்?" என்று கோவில் அன்னதான வரிசையில் வைத்து ஒருவர் என்னைக் கேட்டார். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போதென்றால் சொல்வேன்: இந்த நாட்டில் இளையோரில் மூன்றில் இரண்டு பங்கு தொழிற்கல்விக்குத்தான் போகிறார்கள், கிம்னாசியம் முடிப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவில்தான். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகியாக வந்த செர்ஜியோ எர்மோட்டி லுகானோவில் ஒரு வங்கியில் லேர செய்து தொடங்கியவர். வெப்பக் குழாய் பொருத்தும் தொழில் பழகிய வில்லி ரிட்ஷார்ட் 1974 முதல் 1983 வரை நாட்டின் ஏழு அமைச்சர்களில் ஒருவராக இருந்தார், 1978இல் ஜனாதிபதியாகவும். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆகப்போவதில்லைதான், ஆனாலும் அன்னதான வரிசையில் நிற்கும்போது கையில் இருக்கட்டும்.

சுமார் 250 தொழில்களுக்கு லேர உண்டு. சான்றிதழ் இரண்டு வகை. 3 அல்லது 4 வருடப் படிப்புக்கு ஏ-எஃப்-ட்ஸெட், 2 வருடப் படிப்புக்கு ஏ-பே-ஆ. சமையல் 3 வருடம், முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்யும் 'ஃபாகே' 3 வருடம், அலுவலக வேலைக்கான 'காஃபௌ' 3 வருடம், மின்னிணைப்பும் கணினித் துறையும் 4 வருடம். ஏ-பே-ஆ கொஞ்சம் இலகுவானது, ஜெர்மன் இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு நல்ல வாசல். அதை ஒழுங்காக முடித்தால் அதே தொழிலின் நீண்ட படிப்பில் பெரும்பாலும் இரண்டாம் வருடத்திலிருந்து சேரலாம். "2 வருடப் படிப்பா, அது மட்டமானது" என்று சொல்லிப் பிள்ளையை மூன்று வருடப் படிப்புக்குள் தள்ளி, முதல் வருடத்திலேயே முறித்துக்கொண்டு வந்த கதைகள் எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே இருக்கின்றன.

எட்டாம் வகுப்பில் தொடங்க வேண்டும், ஒன்பதில் அல்ல

லேர தொடங்குவது ஆகஸ்டில். ஆனால் அந்த இடத்துக்கான தேடல் அதற்கு ஒன்றரை வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டாம் ஸெக் (ஏழு முதல் ஒன்பது வரையான வகுப்புகளை ஸெக் என்பார்கள்), அதாவது எட்டாம் வகுப்பு முழுவதும் தொழில் பார்ப்பதற்கான வருடம். பாலர் வகுப்பையும் சேர்த்து எண்ணும் மாநிலங்களில் இதைப் பத்தாம் ஆண்டு என்பார்கள், குழம்ப வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் கோடையிலிருந்து விண்ணப்பம் போகும். வங்கி, காப்புறுதி, பெரிய நிறுவனங்களின் இடங்கள் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். கட்டட வேலை, சமையல், வெதுப்பகம் போன்றவற்றில் அடுத்த வசந்தம் வரை, சில சமயம் ஜூலை வரைகூட இடம் கிடக்கும்.

நாங்கள் விட்ட பிழை இங்கேதான். சூரிச்சில் குறுகிய கிம்னாசியத்துக்கான (எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு சேர்வது) சோதனை மார்ச்சில் வரும், அதுவரை வேறு எதையும் பார்க்கக்கூடாது, பார்த்தால் கவனம் சிதறும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். கிழமைக்கு இரண்டு டியூஷன், காசு வேறு. மார்ச் முடிந்து முடிவு வந்தபோது மற்றப் பிள்ளைகள் ஐந்தாறு இடங்களைப் பார்த்து முடித்திருந்தார்கள், இவன் ஒரு வேலைத்தளத்தின் வாசலைக்கூட மிதித்திருக்கவில்லை. கிம்னாசியம் முயல்வதென்றால் முயலட்டும், ஆனால் பக்கத்திலேயே இதையும் ஓடவிடுங்கள். ஒன்று மற்றதைக் கெடுக்காது.

முதல் வேலை, பிட்ஸ் என்று சொல்கிற தொழில் தகவல் நிலையத்துக்குப் போவது. அநேகமாக எட்டாம் வகுப்பில் பள்ளியே வகுப்போடு கூட்டிக்கொண்டு போகும், பெற்றோர் கூட்டமும் வைப்பார்கள். அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். வேலை என்றால் லீவு எடுங்கள், ஜெர்மன் விளங்காது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே ஆசிரியருக்குச் சொல்லிப் பாருங்கள். அதன்பிறகு பிள்ளையோடு தொழில் ஆலோசகரைத் தனியாகச் சந்திக்க நேரம் எடுக்கலாம், இளையோருக்கு அந்தச் சந்திப்பு இலவசம். அங்கே ஆலோசகர் பிள்ளையிடம்தான் கேட்பார், உங்களிடம் அல்ல. நான் இடையில் புகுந்து "இவனுக்குக் கணினி விருப்பம்" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அப்படியா, அவனே சொல்லட்டும்" என்றார். அவன் சொன்னது: "எனக்கு இருந்த இடத்தில் இருக்க ஏலாது."

காலியாக உள்ள இடங்களைப் பெருஃப்ஸ்பெராட்டுங் என்ற அரச இணையத்தளத்தில் தொழில் வாரியாக, ஊர் வாரியாகத் தேடலாம். யூஸ்டி என்ற தனியார் தளமும் இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

ஷ்னுப்பர்ன்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

இந்தச் சொல்லுக்கு முகர்ந்து பார்ப்பது என்று பொருள். ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஒரு நிறுவனத்துக்குப் போய், வேலை எப்படி இருக்கிறது என்று பிள்ளை பார்ப்பது, பிள்ளை எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பது. 13 வயதிலிருந்தே போகலாம். பொதுவாகச் சம்பளம் இல்லை. குறைந்தது மூன்று வெவ்வேறு தொழிலாவது பார்க்கட்டும், அதில் ஒன்று பிள்ளைக்குப் பிடிக்காது என்று நீங்கள் நினைக்கும் தொழிலாக இருக்கட்டும்.

இடம் கேட்டுத் தொலைபேசி எடுக்க வேண்டியது பிள்ளைதான். அப்பா எடுத்தால் அந்த நிமிடமே ஒரு புள்ளி குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னவளுக்கு இது பெரிய பயம். நானும் அவளும் வீட்டில் ஒத்திகை பார்த்தோம்: நான் படுக்கையறையில் இருந்து முதியோர் இல்ல மேலாளராக அரைகுறை ஜெர்மனில் கதைக்க, அவள் குசினியில் இருந்து ஒரு தாளைப் பார்த்து வாசிக்க, நடுவில் குக்கர் விசில் அடிக்க, இருவருக்கும் சிரிப்பு அடங்க அரை மணி நேரமானது. தாளில் இருந்தது நான்கு வரி: பெயர், எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, எந்தத் தொழிலைப் பார்க்க விருப்பம், எந்தக் கிழமைகளில் வர முடியும். மூன்றாவது இல்லத்தில் சரி வந்தது.

மூத்தவன் ஒரு மின் வேலைக் கடையில் ஷ்னுப்பர் செய்த மூன்று நாளைச் சொல்கிறேன். காலை 6.45க்கு பட்டறை வாசலில் நிற்க வேண்டும், அவன் 6.30க்கே போய் இருட்டில் நின்றான். முதல் நாள் கட்டுமானத் தளத்தில் குழாய் தூக்கிக்கொடுத்தான். இரண்டாம் நாள் ஒரு மரப்பலகை கொடுத்து, அதில் ஓர் ஆளி, ஒரு விளக்கு, ஒரு செருகி பொருத்தி வயர் இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள், மின்சாரம் கொடுக்காமல். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மூன்று நூலை வைத்து, நீல வயர் எங்கே போகும், மஞ்சள் பச்சையை ஏன் வேறு எதற்கும் பாவிக்கக்கூடாது என்று எனக்குப் படிப்பித்தான். அவன் பள்ளிப் பாடம் ஒன்றை வீட்டில் இப்படிக் கதைத்து நான் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் முடிவில் ஒரு மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். நேரத்துக்கு வருகிறான், கை சுத்தம், இந்த வகை. கடைசி வரிதான் எனக்கு ஆச்சரியம்: 'கேள்வி கேட்கிறான், நல்லது.' ஆனால் அதற்கு முன் இன்னொரு கடையில் ஷ்னுப்பர் போனபோது கிடைத்த தாளில் 'அமைதியானவன், ஆர்வம் தெரியவில்லை' என்று இருந்தது. அதே பிள்ளைதான். அங்கே அவன் நாங்கள் பழக்கியபடி நடந்திருக்கிறான்: பெரியவர் கதைக்கும்போது தலையைக் குனிந்து, எதிர்க்கேள்வி கேட்காமல், சொன்னதை மட்டும் செய்து. ஊரில் அது மரியாதை, இங்கே அதற்கு விருப்பமில்லை என்று பொருள் கொள்கிறார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அந்தத் தாள்தான் சொன்னது. ஆகவே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: முகத்தைப் பார்த்துக் கதை, நாளுக்கு மூன்று கேள்வியாவது கேள், வேலை முடிந்தால் சும்மா நிற்காமல் அடுத்து என்ன செய்ய என்று கேள், ஃபோன் பைக்குள் இருக்கட்டும், கடைசி நாளில் எல்லோருக்கும் கை கொடுத்து நன்றி சொல். பெரியவர்களை 'ஸீ' என்றுதான் அழைக்க வேண்டும், நம் 'நீங்கள்' மாதிரி. அவர்களாக 'டூ' சொல்லச் சொன்னால் மட்டும் மாறலாம்.

பல நிறுவனங்கள் ஷ்னுப்பர் செய்யாத பிள்ளையை எடுப்பதே இல்லை. பிடித்துப்போன பிள்ளையிடம், "விண்ணப்பம் போடு" என்று அவர்களே சொல்லிவிடுவதும் உண்டு.

விண்ணப்பக் கட்டு

ஒரு கடிதம், படத்தோடு ஒரு தன்விவரம், ஸெக் வகுப்புகளின் எல்லா அறிக்கைப் பிரதிகளும், ஷ்னுப்பர் மதிப்பீட்டுத் தாள்கள். சில மாநிலங்களில் எட்டாம் வகுப்பில் நடக்கும் ஸ்டெல்வெர்க் சோதனையின் முடிவையும் கேட்பார்கள். சில நிறுவனங்கள் மல்ட்டிசெக் என்ற தனியார் சோதனையைக் கேட்கும். அதற்கு 100 ஃபிராங் அளவில் நம் கையால்தான் கட்ட வேண்டும், ஆகவே உண்மையிலேயே கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அறிக்கையில் புள்ளியைத்தான் நாம் பார்ப்போம். அவர்கள் முதலில் பார்ப்பது கீழே உள்ள வரியை: காரணம் சொல்லாத லீவு எத்தனை, நேரம் தவறியது எத்தனை, நடத்தைக்கு என்ன குறி. கணிதத்தில் 4.5 (இங்கே 6தான் உச்சம், 4 எடுத்தால் சித்தி) இருந்து அந்த வரி சுத்தமாக இருக்கும் பிள்ளைக்கு, 5.5 இருந்து ஆறு தடவை பிந்தி வந்த பிள்ளையை விட முதலில் அழைப்பு வரும். ஊரில் கலியாணம் என்று பள்ளி நாளில் கூட்டிக்கொண்டு பறந்துபோகும்போது இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

கடிதத்தை இணையத்தில் இருந்து உருவி எழுதினால் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார்கள். இந்த நிறுவனம் ஏன், இந்தத் தொழில் ஏன், ஷ்னுப்பரில் என்ன பார்த்தேன், இதை மட்டும் பிள்ளையின் சொந்த ஜெர்மனில் ஒரு பக்கத்துக்குள் எழுதி ஆசிரியரிடம் காட்டித் திருத்தினால் காணும். தன்விவரத்தில் தமிழை எழுத மறக்க வேண்டாம். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பத்து வருடம் போனது, மிருதங்கம் பழகுவது, எல்லாம் எழுதலாம். சின்னவளின் நேர்முகத்தில் பாதி நேரம் பரதநாட்டியத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம், அரங்கேற்றத்துக்கு எத்தனை வருடம் பழக வேண்டும், இரண்டு மணி நேரம் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று. ஒன்றைத் தொடங்கி இடையில் விடாத பிள்ளையா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

மறுப்புக் கடிதம் வரும், நிறையவே வரும். மூத்தவனுக்கு 23 வந்தது. சிலதில் நம் நீளமான பெயரைப் பார்த்ததும் மூடிவைத்திருப்பார்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. ஒரு தாளில் எந்த நிறுவனம், எந்தத் தேதி, என்ன பதில் என்று கோடு போட்டு எழுதிவையுங்கள், மறுத்த இடத்துக்கே பிள்ளை ஃபோன் எடுத்து என்ன குறை என்று பணிவாகக் கேட்கலாம், பலர் சொல்வார்கள். ஒரு விஷயம், இருபது இடத்துக்கும் ஒரே தொழிலுக்கு எழுதாமல் அதற்குப் பக்கத்துத் தொழில் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கட்டும். மருத்துவரின் உதவியாளர் ஆக வேண்டும் என்று நிற்கும் நம் பெண்பிள்ளைகள் மிக அதிகம், பல் மருத்துவமும் மருந்தகமும் முதியோர் இல்லமும் அதே வீதியில்தான் இருக்கின்றன.

நேர்முகத்துக்குப் பிள்ளை தனியாகப் போக வேண்டும். சில இடங்களில் கடைசிச் சந்திப்புக்குப் பெற்றோரையும் கூப்பிடுவார்கள், அப்போது போங்கள்.

ஒப்பந்தம்

இடம் கிடைத்ததும் எழுத்தில் ஒப்பந்தம் வரும். நிறுவனம், பிள்ளை, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர், எல்லோரும் கையெழுத்திட்டு மாநிலத் தொழிற்கல்வி அலுவலகம் அங்கீகரிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாமல், "ஆகஸ்டில் வந்து வேலையைத் தொடங்கு, பேப்பர் பிறகு" என்று யாராவது சொன்னால், அது நம் ஆளின் கடையாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். லேரப் பிள்ளையை வைத்திருக்க நிறுவனத்துக்கு மாநில அனுமதி இருக்க வேண்டும், பழக்குபவரும் அதற்கென்று பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு வருடத்துக்கும் என்ன சம்பளம், 13ஆம் மாதச் சம்பளம் (வருடத்தில் மேலதிகமாக வரும் ஒரு மாதச் சம்பளம்) உண்டா, கிழமைக்கு எத்தனை மணி நேரம், புத்தகம், உடுப்பு, கருவி, பயணம் இவற்றுக்கு யார் காசு. ஊகா செலவு நிறுவனத்தின் தலையில், அதைப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது. சோதனைக் காலம் 1 முதல் 3 மாதம், அதற்குள் எந்தப் பக்கமும் 7 நாள் அறிவித்து விலகலாம். அதற்குப் பிறகு சும்மா நிறுத்த முடியாது, கனமான காரணம் வேண்டும், அல்லது இரு பக்கமும் உடன்பட வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. பள்ளி நாள் வேலை நாளாகவே கணக்கு, முழு நாள் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளையை மாலையில் கடைக்கு வரச்சொல்வது சரியில்லை. 20 வயது வரை வருடத்துக்கு 5 கிழமை விடுமுறை. இதில்தான் பிள்ளைகள் அதிர்ந்துபோகிறார்கள், பள்ளியில் 13 கிழமை இருந்ததே! தொழிற்பள்ளி பூட்டியிருக்கும் கிழமைகளில் வேலைக்குப் போக வேண்டும். லேர ஆகஸ்ட் முதல் நாட்களில் தொடங்குவதால் நல்லூர்த் திருவிழா முடியும் வரை யாழ்ப்பாணத்தில் நிற்பது அந்த வருடத்தோடு சரி. டிக்கெட் போடும் முன் இதைப் பாருங்கள், முதல் நாளே லீவு கேட்டு நின்ற பொடியன் ஒருவனை எனக்குத் தெரியும்.

காசுக் கணக்கு

முதல் வருடச் சம்பளம் தொழிலைப் பொறுத்தது, பல தொழில்களில் 1000 ஃபிராங்குக்குக் கீழேதான், வருடத்துக்கு வருடம் ஏறும். சிவில் சட்டப்படி பிள்ளை உழைக்கும் காசு பிள்ளையின் பொறுப்பில்தான், வீட்டில் இருந்து சாப்பிடுவதற்கு ஒரு பங்கு கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. முழுச் சம்பளத்தையும் வாங்கிச் சீட்டுக் கட்டுவது, ஊருக்கு அனுப்புவது எல்லாம் வேண்டாம். நாங்கள் மூத்தவனிடம் மாதம் 200 வாங்கினோம். அதில் பாதியை அவனுக்குத் தெரியாமல் சேமித்துவைத்தது வேறு கதை.

பிள்ளை லேரவில் இருந்தாலும் குடும்பக் கொடுப்பனவு நிற்காது, கல்விக் கொடுப்பனவாக மாறும். 2025 முதல் அது மாதம் குறைந்தது 268 ஃபிராங், சில மாநிலங்களில் கூட, 25 வயது வரை கிடைக்கும். லேர ஒப்பந்தத்தின் பிரதியை நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும். இன்னொன்று, கிழமைக்குக் குறைந்தது 8 மணி நேரம் வேலை செய்பவருக்கு விபத்துக் காப்புறுதி நிறுவனத்தின் பக்கமே வந்துவிடுகிறது. ஆகவே பிள்ளையின் மருத்துவக் காப்புறுதியில் இருந்து விபத்துப் பகுதியை எடுக்கச்சொல்லி ஒரு கடிதம் போட்டால் மாதக் கட்டணம் கொஞ்சம் குறையும். இதை எனக்குச் சொன்னவர் குசினியில் என்னோடு நின்ற போர்த்துக்கல்காரர், நான்கு வருடம் பிந்தி.

நடுவில் முறிந்தால்

தொடங்கும் ஒப்பந்தங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் நடுவில் முறிகிறது, உலகம் இடிந்துவிடவில்லை, பெரும்பாலானவர்கள் வேறு இடத்தில் தொடர்கிறார்கள். சின்னவள் அவர்களில் ஒருத்தி. முதல் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, முதல் வருடப் பிள்ளையைத் தனியாக ஒரு மாடியைப் பார்க்க விட்டார்கள், பழக்க வேண்டியவர் கிழமைக்கு ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை. அவள் வீட்டில் சொல்லவே இல்லை. ஒரு ஞாயிறு இரவு குளியலறையில் அழும் சத்தம் கேட்டுத்தான் தெரியும். நான் வழமைபோல, "பொறுத்துக்கொள் பிள்ளை, எங்கே கஷ்டம் இல்லை" என்றேன். அது பிழை.

செய்ய வேண்டியது இப்படி: நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும், முதலில் பழக்குபவரிடம் கதைக்க வேண்டும், சரிவராவிட்டால் மாநிலத் தொழிற்கல்வி அலுவலகத்தில் அந்தத் தொழிலுக்குப் பொறுப்பானவரைக் கூப்பிட வேண்டும். ஒப்பந்தத்தை அங்கீகரித்ததே அவர்கள்தான், பார்வையிடுவதும் அவர்கள் கடமை. கோபத்தில் வேலைக்குப் போகாமல் நிற்பதும், இடம் மாறும் முன்னே கையெழுத்திட்டு விலகுவதும் கூடாது. அலுவலகத்து அம்மா இரண்டு தடவை வந்து கதைத்தார், பிறகு வேறு இல்லம் ஒன்று கிடைத்தது, வருடம் வீணாகவில்லை.

படிப்பில் பிந்தினால் தொழிற்பள்ளியிலேயே உதவி வகுப்பு உண்டு. ஒவ்வொரு அரையாண்டும் பழக்குபவர் ஓர் அறிக்கை எழுதிப் பிள்ளையோடு கதைக்க வேண்டும், அதில் உங்கள் கையெழுத்தும் வரும், வாசிக்காமல் போடாதீர்கள். கடைசிச் சோதனையில் பெரும்பாலான தொழில்களில் செய்முறைக்கு 4 கட்டாயம், மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் இதில் தவறினால் தவறியதுதான். இரண்டு தடவை திரும்ப எழுதலாம்.

பல்கலைக்கழகக் கதவு பூட்டப்படுகிறதா

இல்லை. தொழில் மத்தூரா என்று, தொழில் பழகியவர்களுக்கான உயர்கல்வித் தகுதிச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. லேரவோடு சேர்த்தே செய்யலாம், அப்போது பள்ளி நாள் கூடும், நிறுவனம் சம்மதிக்க வேண்டும், ஆகவே நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள். அல்லது லேர முடித்து ஒரு வருடம் முழுநேரமாகச் செய்யலாம். அதன்பிறகு தன் தொழிலுக்கான ஃபாஹோஹ்ஷூலே என்ற தொழில்சார் உயர்கல்லூரியில் நுழைவுச் சோதனை இல்லாமல் சேர்ந்து பட்டம் எடுக்கலாம். பல்கலைக்கழகமேதான் வேண்டும் என்றால் பாசெரல் என்ற மேலதிகச் சோதனை இருக்கிறது, கடினம், ஆனால் எழுதி மருத்துவம்வரை போனவர்கள் இருக்கிறார்கள். மத்தூரா இல்லாமலும் தொழில் வழியே மேலே போக உயர் தொழிற்சோதனைகள் இருக்கின்றன, மூத்தவன் அந்த வழியில்தான் போய் இப்போது கட்டடங்களின் மின்வேலைத் திட்டங்களை நடத்துகிறான். எங்களுக்குத்தான் இன்னும் ஒரு பட்டமளிப்புப் படம் சுவரில் இல்லை.

15, 16 வயதில் வந்திறங்கிய பிள்ளைக்கு

ஜெர்மன் இல்லாமல் நேரே லேர எடுப்பது நடக்காது, அவசரப்படவும் வேண்டாம். பத்தாம் வருடம் என்று சொல்கிற, ஒன்பதாம் வகுப்புக்கும் லேரவுக்கும் நடுவே பாலம் போன்ற படிப்புகள் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, மொழியும் கணிதமும் ஷ்னுப்பரும் கலந்தது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் தற்காலிக அனுமதி உள்ளவர்களுக்கும் 2018 முதல் இன்டெக்ராட்ஸியோன்ஸ்ஃபோர்லேர என்ற ஒரு வருட முன்பயிற்சி நடக்கிறது, பிறகு அதை மற்றவர்களுக்கும் விரித்தார்கள்: வேலைத்தளம், மொழி, தொழிற்பள்ளி மூன்றையும் ஒரு வருடம் பழகிவிட்டு லேரவுக்குள் போவது. இதற்கெல்லாம் விண்ணப்பிக்கும் நாள் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும் இடங்கள் உண்டு, ஆகவே பள்ளியில் சேர்த்த முதல் மாதத்திலேயே வகுப்பாசிரியரிடமும் பிட்ஸிலும் கேளுங்கள்.

லேர முடியும் வருடத்தில் இன்னொன்று. முடிந்ததும் அதே நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடைசி ஜனவரியிலேயே பிள்ளை நேரே போய்க் கேட்கட்டும், வைத்திருப்பீர்களா, எத்தனை வீத வேலை (முழுநேரமா, பகுதிநேரமா), எவ்வளவு சம்பளம் என்று. இல்லை என்றால் பெப்ரவரியில் இருந்து மற்ற இடங்களுக்கு எழுதத் தொடங்க வேண்டும், போகும்போது லேரச் சான்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும், சோதனைச் சான்றிதழ் வேறு, இது வேறு.